முயல் ஏன் திரும்பி வந்தது?

ஸகாயோ கிதுந்து என்கிற மூன்றாம் வகுப்பு வாத்தியார் செய்த குற்றம் இதுதான்: ஒரு சிறுமியிடம், "இந்தக் கதையைப் படிச்சுப் பாரேன், உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். யாருடைய அனுமதியும் வாங்காமல், பட்டப்பகலில், நாலு பேர் முன்னிலையில் சொன்னார். அது குற்றம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒன்றும் தைரியசாலி இல்லை, போகப் போக நீங்களே பார்ப்பீர்கள்.

சிறுமியின் பெயர் தாபு. கஷ்ட காலத்தில் பிறந்த பெண்ணுக்குக் 'கஷ்டம்' என்றே பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாபு என்றால் அதுதான் அர்த்தம். வாசிப்பு நேரத்தில் அவள் உதட்டை மட்டும் அசைப்பாள், சத்தம் வராது. பக்கத்தில் இருப்பவள் தாளைத் திருப்பினால் இவளும் திருப்புவாள். ஒருநாள் தலைகீழாகப் பிடித்த புத்தகத்தை அவள் அக்கறையாகத் தாள் தாளாகத் திருப்புவதைக் கிதுந்து பார்த்தார். திட்டவில்லை. வகுப்பு மூலையில் பழைய சோடாப் பெட்டியில் கிடந்த புத்தகங்களைக் கிளறி, அட்டை கிழிந்து போன ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அட்டையே இல்லாததால் அதை எழுதியவர் யார், கதைக்குப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது.

கதை சின்னது. காட்டுப் பாதையில் கோட்டுப் போட்ட ஒரு கழுதைப்புலி நிற்கிறது. வருகிற போகிற குட்டிகளை எல்லாம், "பெரியவங்களைக் கண்டா ஷிகமோ சொல்லத் தெரியாதா? கிட்ட வா" என்று கூப்பிடுகிறது. ஷிகமோ என்றால் 'உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன்' என்று பொருள். பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் குழந்தைகள் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். கதையில் குட்டிகள் கிட்டப் போய்க் குனிகின்றன. கழுதைப்புலி மரஹபா என்று சொல்லிவிட்டுத் தின்றுவிடுகிறது. கடைசியாக ஒரு முயல்குட்டி வருகிறது. அது முதலில் ஓடுகிறது. மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து "ஷிகமோ!" என்று கத்துகிறது. அவ்வளவுதான் கதை.

தாபு எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்தக் கதையைப் படித்து முடித்தாள். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இடைவேளையில் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். கழுதைப்புலி பேசும்போது தொண்டை கட்டிக்கொண்ட குரல், முயல் பேசும்போது கீச்சுக் குரல். கிதுந்துக்குப் பெருமை தாங்கவில்லை. கஞ்சிக் குவளையை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று கேட்பார்.

ஒருநாள் அவளே அவரிடம் வந்தாள்.

"சார், கள்ளுக்கடை வாசல்ல உக்காந்திருப்பாரே, சைக்கிள் ரிப்பேர்க்காரர்? நேத்து என்னைக் கூப்பிட்டாரு. 'ஏய், ஷிகமோ சொல்லத் தெரியாதா, கிட்ட வா'ன்னாரு."

"அப்புறம்?"

"முன்னெல்லாம் போவேன் சார். போனா கையைப் பிடிச்சுக்குவாரு. விடவே மாட்டாரு. நேத்து மாவு மில்லுக்குப் பின்னாடி ஓடிட்டேன். அங்கேர்ந்து ஷிகமோன்னு கத்துனேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்ல முடியும்? நான்தான் மரியாதையா சொல்லிட்டேனே! மத்தவங்கள்லாம் அவரைப் பாத்துச் சிரிச்சாங்க."

அந்த வழியாகத் தினமும் போய் வருகிறவர்தான் கிதுந்து. அந்தச் சைக்கிள்காரனோடு நின்று பேசிச் சிரித்திருக்கிறார். அவர் கண்ணில் படாததை, அட்டை கிழிந்த ஒரு கதை கண்டுபிடித்து, அதற்கு வழியும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. "நல்ல காரியம் பண்ணே தாபு. இனிமேயும் அப்படித்தான் செய்யணும்" என்றார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது மறக்கவே இல்லை.

மறுவாரம் மாவட்டக் கல்வி அதிகாரி ஃபெஸ்தோ கைஜாகே ஜீப்பில் வந்து இறங்கினார். புதுசாக மாற்றலாகி வந்தவர். வயது கிதுந்துவின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். கோட்டு மட்டும் பெரியது. தலைமை ஆசிரியை ஹில்டா அம்மா கதவைத் திறக்க ஓடினார். கிதுந்துவும் பின்னால் போய் நின்றார். கைஜாகே அவர் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றியதும், கிதுந்துவின் வாய் தானாகத் திறந்தது.

"ஷிகமோ, ஐயா."

பாதித் தலை நரைத்த மனிதர், மகன் வயசுப் பையனுக்குப் பாதம் பிடிக்கிறேன் என்கிறார். அந்தப் பையனாவது, "ஐயோ, நீங்க எனக்குச் சொல்லலாமா" என்று தடுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆட்டுக்காரப் பயல்கூடத் தடுப்பான்.

"மரஹபா" என்றார் கைஜாகே, ஜீப்புக்குள் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டே.

கிதுந்துக்குக் காது மடல் சுட்டது. ஹில்டா அம்மா தரையைப் பார்த்தார். அதற்குள் புளியமரத்தடியிலிருந்து தாபுவின் கழுதைப்புலிக் குரல் கேட்டது.

"அங்க என்ன கூட்டம்?" என்று கேட்டார் கைஜாகே.

"பிள்ளைங்க கதை படிக்கிறாங்க ஐயா."

"இடைவேளையிலயா? யாரும் சொல்லாமலா?" அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "யார் பரிந்துரை பண்ண கதை?"

"நான்தான் ஐயா."

"உங்களை யார் பரிந்துரை பண்ணா?"

இருபத்தைந்து வருடமாகக் கிதுந்து பாடம் நடத்துகிறார். தன்னைப் பரிந்துரைக்க ஆள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கைஜாகே மரத்தடிக்குப் போய்த் தாபுவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். "இதுக்குன்னு ஒரு குழு போடறேன், அது பாக்கட்டும். நல்ல கதையா இருந்தா கவலைப்படாதே பாப்பா, குழுவே உனக்கு இதைப் படிக்கச் சொல்லும்" என்றார். தாபு அவரைப் பார்க்கவில்லை. கிதுந்துவைப் பார்த்தாள்.

"வாங்கித் தந்துருவேன்" என்றார் கிதுந்து மெல்ல. "அப்படியே வாங்கித் தந்துருவேன், பாரு."

சிறுவர் வாசிப்புப் பரிந்துரைக் குழுவின் முதல் கூட்டம் மாவட்டத் தலைநகரின் பெரிய மண்டபத்தில் கூடியது. கிதுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு காலைப் பேருந்தில் போய்ச் சேர்ந்தார். வழி முழுக்க, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சைக்கிள்காரன், மாவு மில், அவன் பிடித்த கை. இதைக் கேட்டால் கல்நெஞ்சுக்காரனும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று நம்பினார்.

முதலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "கல்வி, ஓயேய்!" என்று வாழ்க கோஷம் போட்டுக் கைஜாகே முஷ்டியை உயர்த்தினார். "ஓயேய்!" என்றது மண்டபம். "வாசிப்பு, ஓயேய்!" "ஓயேய்!" "குழு, ஓயேய்!" இதற்குச் சத்தம் கூடுதலாக வந்தது. அப்புறம் வந்திருந்தவர்களை, வரமுடியாதவர்களை, வரமுடியாதவர்களின் பிரதிநிதிகளை வரிசைப்படி பெயர் சொல்லி வணங்கினார்கள். அதில் முற்பகல் முடிந்தது. "மரியாதை முறை முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டது" என்று அறிவித்ததும் கைதட்டல். உடனே தேநீரும், மந்தாசி என்கிற பொரித்த ரொட்டியும் வந்தன.

பிறகு கைஜாகே பேசினார்.

"பெரியோர்களே, நான் சின்ன வயசுல ஒரு கதைப் புத்தகம்கூடப் படிச்சதில்ல. இன்னைக்கு எங்க நிக்கிறேன், பாருங்க!" கைதட்டல். "கதை கெட்டதுன்னு நான் சொல்லல. ஆனா ஒரு குழந்தை தானாவே ஒரு கதையை ரசிச்சுட்டா என்ன ஆகும்? நாளைக்கு எது நல்ல கதைன்னு தானாவே முடிவு பண்ணும். அப்புறம் வாத்தியார் எதுக்கு? வாத்தியாருக்கு மேல நாம எதுக்கு? இதைத் தடுக்கத்தான் இந்தக் குழு." மறுபடி கைதட்டல். கிதுந்துவும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

முயல் கதை ஆய்வுக்கு வந்தது. கழுதைப்புலி இருப்பதால் கால்நடை அலுவலரும், பாதை இருப்பதால் சாலை அலுவலரும் குழுவில் இருந்தார்கள். கழுதைப்புலி காட்டு மிருகம், தன் துறைக்குக் கீழ் வராது என்று சொல்லிக் கால்நடை அலுவலர் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். மறுப்பதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார். முயல் பாதையின் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடுவது ஆபத்தான முன்மாதிரி என்றார் சாலை அலுவலர்.

"துரத்துறப்பவா பாக்கறது?" என்று கிதுந்து கேட்டார்.

"துரத்துறப்பதான் விபத்தே நடக்குது வாத்தியாரே!"

கடைசியாகக் கலாசார அலுவலர் பெர்பெத்துவா அம்மா எழுந்தார்.

"என்னைக் கேட்டா, இந்த முயல் ஷிகமோவே சொல்லல."

"சொல்லுதுங்களே அம்மா, மரத்துக்குப் பின்னாடி நின்னு."

"ஷிகமோன்னா என்ன அர்த்தம்? பாதத்தைப் பிடிக்கிறேன். மரத்துக்குப் பின்னாடி நின்னு பாதத்தைப் பிடிக்க இந்த முயலுக்கு என்ன, கை அவ்வளவு நீளமா?"

சபை சிரித்தது. கைஜாகே மேஜையைத் தட்டினார். "சரியான கேள்வி. முயல் திரும்பி வரணும். கிட்ட வந்து, குனிஞ்சு, முறையா சொல்லணும். திருத்தம் எழுதிக்குங்க."

"ஐயா, திரும்பி வந்தா கழுதைப்புலி தின்னுருமே!"

"அது கழுதைப்புலியோட விஷயம்" என்றார் கைஜாகே பொறுமையாக. "நம்ம பொறுப்பு முயலோட மரியாதை."

கிதுந்து எழுந்தார். எழுந்தேவிட்டார். பேருந்தில் சொல்லிப் பார்த்த பேச்சு நுனிநாக்கில் நின்றது. "எங்க வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா ஐயா, அவ வர்ற வழியில..."

"முக்வாஜுனி பள்ளிதானே உங்களுது?" கைஜாகே பேனாவைத் திறந்தார். "உப்பு ஏரிப் பக்கத்துப் பள்ளியில ஒரு வாத்தியார் வேணும்ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கதையில ஆர்வமுள்ள ஆளா இருந்தா நல்லது. சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க?"

உப்பு ஏரிப் பள்ளிக்குப் பேருந்து கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. கிதுந்து அப்போதுதான் முக்வாஜுனியில் சொந்தமாகச் செங்கல் வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது.

"அந்தப் பொண்ணு... நல்லா படிப்பா ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோஷம். திருத்தத்தை ஏத்துக்கறவங்க?"

"ஓயேய்!" என்றது சபை. தன் தொண்டையிலிருந்தும் அது வந்ததைக் கிதுந்து தெளிவாகக் கேட்டார். மற்ற எல்லாக் குரலையும்விட அதுதான் அவருக்குச் சத்தமாகக் கேட்டது. திரும்புகிற பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் பேச்சுக் கொடுத்தார்கள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

குழு பரிந்துரைத்த பதிப்பு மழைக்காலம் முடியுமுன் அச்சாகி வந்தது. நல்ல வழவழப்பான தாள். முதலில் கைஜாகேயின் படம், அடுத்து அவருடைய முன்னுரை, அடுத்து குழுவினரின் படங்கள், அடுத்து சாலையைக் கடக்கும் விதிகள். கதை கடைசியில் இருந்தது. பழைய புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, திருத்தம் செய்யப்பட்ட பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு. கிதுந்து வாசித்தார். முயல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடியது. மரத்துக்குப் பின்னால் போயிற்று. பிள்ளைகள் வாயைத் திறந்து, அவரோடு சேர்ந்து "ஷிகமோ!" என்று கத்தத் தயாரானார்கள். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"'அப்போது முயலுக்கு நல்ல பழக்கம் நினைவுக்கு வந்தது. அது திரும்பி வந்து, கழுதைப்புலியின் அருகில் குனிந்து, ஷிகமோ என்றது. மரஹபா என்றது கழுதைப்புலி. பிறகு மதிய உணவு நேரமாயிற்று. முற்றும்.'"

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தாபு எழுந்தாள். "அதான் தப்பிச்சிருச்சே சார். அப்புறம் ஏன் திரும்பி வந்துச்சு?"

"மரியாதைக்காக."

"மரியாதைதான் அங்கேர்ந்தே சொல்லிருச்சே?"

"கிட்ட வந்து சொல்றதுதான்... முறை."

"நீங்க என்கிட்ட அப்படிச் சொல்லலயே சார்."

கிதுந்து புத்தகத்தை மூடினார். அட்டையில் கைஜாகே சிரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று குப்புற வைத்தார். பின்னட்டையிலும் அவரே இருந்தார்.

"சார், இந்தக் கதையை நீங்க படிக்கச் சொல்றீங்களா?"

"குழு படிக்கச் சொல்லுது."

"நீங்க?"

"மணி அடிச்சிருச்சு, எல்லாரும் வெளிய போங்க" என்றார் கிதுந்து. மணி அடிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஆனால் வாத்தியார் சொல்லிவிட்டார் என்று ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். அன்று வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்து, உகாலிக் களியைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டாள். "ஆமா" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெளியீட்டு விழாவுக்குக் கைஜாகே நேரிலேயே வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரரும் வந்தார். வாசலில் ஓயேய் எல்லாம் முறைப்படி முடிந்தது. "குழந்தைகள் கதையை நேசிக்கணும், குழு நேசிக்கிற அளவுக்கு மட்டும்" என்று ஒரு சிறிய உரையும் ஆயிற்று. அடுத்து மூன்றாம் வகுப்புக்குள் படம் எடுக்க வேண்டும். பிள்ளை ஒவ்வொன்றாக வந்து, குனிந்து ஷிகமோ சொல்லி, அதிகாரியின் கையால் புத்தகம் வாங்கவேண்டும் என்பது ஏற்பாடு.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். யாரும் நகரவில்லை. புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கரும்பலகைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார் கைஜாகே. புகைப்படக்காரர் தயாராக இருந்ததால் பல் தெரியச் சிரித்தார்.

"என்ன பாக்கறீங்க? பெரியவங்களைக் கண்டா ஷிகமோ சொல்லத் தெரியாதா? கிட்ட வாங்க!"

அவ்வளவுதான். முதலில் ஓடியது யார் என்று பிறகு நடந்த விசாரணையில்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சுகள் சாய்ந்தன. கதவில் இடம் இல்லாதவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஹில்டா அம்மா "ஐயையோ, ஐயையோ" என்று வாசலை மறித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மூச்சில் வகுப்பு காலியாயிற்று. மொத்தக் கூட்டமும் புளியமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது. ஒரு வகுப்பையே மறைக்க அந்த மரத்துக்குப் பருமன் போதாது. இரண்டு பக்கமும் நீலச் சட்டையும் முழங்காலும் பிதுங்கின. அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து, தொண்டை கிழிய, மிகுந்த மரியாதையோடு கத்தினார்கள்:

"ஷிகமோஓஓ!"

கிதுந்துக்குச் சிரிப்புப் பீறிட்டது. பல நாள் கழித்து நெஞ்சுக்குள் காற்று புகுந்ததுபோல் இருந்தது. 'அடி தாபு!' என்று உள்ளுக்குள் கூவினார்.

கைஜாகே சிரிக்கவில்லை. விரித்த கைகளை மெல்ல இறக்கினார். "இவங்களுக்கு இதை யார் கத்துக் கொடுத்தது?"

நான்தான் என்று சொல்லவேண்டிய இடம் இதுதான். கிதுந்து அதிகாரியைப் பார்த்தார். பேனா கோட்டுப் பையில் தெரிந்தது. ஜன்னல் உயரத்தில் நிற்கும் செங்கல் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

"பிள்ளைங்க விளையாடுதுங்க ஐயா. இப்பக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க."

கிதுந்து வாசலுக்கு வந்தார். புளியமரத்தின் இரண்டு பக்கமும் முகங்கள் எட்டிப் பார்த்தன. அவரைக் கண்டதும் எல்லா முகமும் மலர்ந்தது. அவரும் ஓடி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். "இங்க வாங்க சார், சீக்கிரம்!" என்று ஒரு குரல் கேட்டது. அவருக்கு ஒதுங்கி இடம்கூட விட்டார்கள்.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார் கிதுந்து.

முகங்கள் அப்படியே நின்றன.

"நான்தானே கூப்பிடறேன்? ஒண்ணும் ஆகாது. வாங்க, கண்ணுங்களா."

வந்தார்கள். அவர் கூப்பிட்டால் அவர்கள் எப்போதும் வருவார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து உள்ளே போய்க் குனிந்தார்கள். "ஷிகமோ." "மரஹபா." புகைப்படக்காரரின் விளக்கு பளிச்சிட்டது. "ஷிகமோ." "மரஹபா." பளிச்.

தாபு கடைசியாக வந்தாள். வாசலில் கிதுந்துவின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். கடினமான வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தவுடன் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதுதான் இப்போதும் இருந்தது.

"முயல் ஏன் திரும்பி வந்துச்சுன்னு இப்பப் புரியுது சார்" என்றாள். "அதுக்குத் தெரிஞ்சவங்க யாரோ கூப்பிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கிதுந்து வாசலிலேயே, புளியமரத்தைப் பார்த்தபடி நின்றார். முதுகுக்குப் பின்னால் அவள் ஷிகமோ சொல்வதும், அதற்கு மரஹபா வருவதும் அவருக்குக் கேட்டன.